பிந்தி வந்த வெட்டு

உங்கள் ஊரில் ஒருத்தர் கன்னத்தில் அறை விழுந்தால் வலி எப்போது வரும், சொல்லுங்கள் பார்ப்போம்? கை பட்டதுமே வந்துவிடும் என்பீர்கள். அப்படி வருகிற ஊரெல்லாம் கொடுத்துவைத்த ஊர். முள்ளிச்செவலில் அந்த வருஷத்து அம்மன் கோயில் கொடைத் திருவிழாவின்போது அறை ஒரு நேரத்திலும் வலி இன்னொரு நேரத்திலுமாக வந்தது, அதுவும் நாளுக்கு நாள் தள்ளித் தள்ளி வந்தது, கடைசியில் அடித்தவனும் அடி வாங்கினவனும் அவரவர் வேலையைப் பார்க்கப் போன பிறகு வலி மட்டும் தனியாக வந்து, ஆளைத் தேடிக் கண்டுபிடித்து, நடுத்தெருவில் சாய்த்துவிட்டுப் போனது.

இது எங்கே ஆரம்பித்தது என்று பேராட்சிக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவள் கம்ப்யூட்டருக்குள்தான் ஆரம்பித்தது. மேலத்தெருவும் கீழத்தெருவும் முட்டிக்கொள்கிற முக்கில், உரக்கடை மாடியில், சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டின ஓர் அறையில் அவள் பாட்டும் விளம்பரமும் பதிவு செய்து கொடுத்தாள். பிறந்தது கீழத்தெரு, வாக்கப்பட்டது மேலத்தெரு. காதுகுத்து அழைப்பு, ஜவுளிக்கடை விளம்பரம், சாவுச் செய்தி, அம்மன் பாட்டு எல்லாம் அவள் மைக் வழியாகத்தான் ஊருக்குள் இறங்கின. உத்தரத்தில் தூளி கட்டி மகளை ஒரு காலால் ஆட்டிக்கொண்டே இரண்டு கையாலும் பாட்டைச் சரிசெய்வாள்.

அந்தத் தொழிலில் பிந்தல் என்று ஒரு சனியன் உண்டு. குரலுக்கு மெருகு போட, இரைச்சலை எடுக்க, சத்தத்தைக் கூட்ட என்று கம்ப்யூட்டருக்குள் பிளகின் என்று குட்டிக் குட்டி மென்பொருளாகப் போடுவார்கள். ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்யக் கொஞ்சம் நேரம் கேட்கும். அந்த நேரம் சேர்ந்தால், பாடுகிறவர் காதில் அவர் குரலே ஒரு சிமிட்டல் பிந்தி வந்து விழும், மனுஷன் கல் தடுக்கினவர் மாதிரி வரிக்கு வரி இடறுவார். இருக்கிறதிலேயே மோசம் லிமிட்டர். வரப்போகிற சத்தத்தை முன்கூட்டியே எட்டிப் பார்த்து, அது தலை தூக்கும் முன்னே மண்டையில் தட்டி உட்காரவைத்து, அப்படித் தட்டித் தட்டியே பாட்டு மொத்தத்தையும் சத்தமாக்கும். எட்டிப் பார்க்கிற நேரம் வரைக்கும் பாட்டு வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். அதோடு போகாது. ஒரு குரல் பிந்தினால் மற்ற குரலையெல்லாம் கம்ப்யூட்டர் அதற்காக நிறுத்திவைக்கும், பந்தியில் ஓர் இலைக்குச் சோறு வராததற்கு வரிசையே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி. ஆகவே, பாடும்போது கனத்த பிளகினை அணைத்து வை, பாடி முடித்த பிறகு போட்டுக்கொள் என்பது பேராட்சியின் சட்டம். அந்தச் சட்டத்தைத்தான் ஊர் உடைத்தது.

போன வருஷக் கொடையில் இரண்டு தெருவும் தனித்தனி ரேடியோ செட் கட்டி, நீயா நானா என்று அலறவிட்டு, மண்டை உடைந்து, போலீஸ் வந்து போனதால், இந்த வருஷம் இரண்டு தெரு மைக்கும் பேராட்சி கம்ப்யூட்டருக்குள் வந்து, அங்கிருந்தே இரண்டு தெருக் கூம்பு ஒலிபெருக்கிக்கும் போகட்டும், சத்தம் சமமாக இருக்கட்டும் என்று கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள். கொடைக்குப் பந்தல்கால் நாட்டின அன்றைக்கே அவள் அண்ணன் மாசானமுத்து மாடிப்படி ஏறி வந்தான்.

"ஏட்டி பேராட்சி, நம்ம தெருக் கூம்பு தொண்டை கட்டின சேவல் மாதிரி கேக்கு. மேலத்தெருக்காரன் சிரிக்கான். கொஞ்சம் கூட்டு."

பிறந்த வீட்டுப் பேச்சைத் தட்ட முடியாமல் ஒரு லிமிட்டர் போட்டாள். அவன் இறங்கின சூட்டோடு புருஷன் தளவாய் ஏறி வந்தான்.

"ஒங்க அண்ணன் வந்துட்டுப் போனாராமே. எங்க தெருவுக்கு ரெண்டு போடு."

"ஏங்க, போட்டா பிந்தும்."

"பிந்தட்டும். சத்தமா பிந்தட்டும்."

இப்படி அண்ணன் ஒன்று, புருஷன் இரண்டு, மறுபடி அண்ணன் மூன்று என்று லிமிட்டர் மேல் லிமிட்டராக ஏற, கோயில் வாசலில் மைக் பிடித்து அறிவிப்புச் சொல்கிற கோமதிநாயகம் பேசி முடித்து, வெற்றிலையை மென்று, துப்பிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் அவர் குரல் கூம்பில் வரத் தொடங்கியது. அவரும் சளைக்காமல், யாரோ நன்றாகப் பேசுகிறானே என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அதுவரைக்கும் சத்தம்தான் பிந்தியது.

அன்று மத்தியானம் கீபோர்டில் எச்சில் கையை வைத்த மகளின் புறங்கையில் பேராட்சி சுளீரென்று ஒன்று வைத்தாள். பிள்ளை சிரித்தது. சரி, வலிக்கவில்லை போலிருக்கிறது என்று தூக்கி முத்தம் கொடுத்து, வாய் துடைத்து, பருப்புச்சோறு இரண்டு வாய் ஊட்டி, மூன்றாவது வாய்க்குக் கையை எடுத்தபோது பிள்ளையின் புறங்கை தன்னால் சிவந்து, அது அவள் முகத்தையே பார்த்து வீறிட்டு அழுதது. பிந்துவது சத்தம் மட்டுமில்லை என்று பேராட்சிக்குப் புரிந்தது. உடனே ஒரு லிமிட்டரை அணைத்துவிட்டுத் தன் தொடையைத் தானே கிள்ளிப் பார்த்தாள், வலி கொஞ்சம் சீக்கிரம் வந்தது. ஆனால் அணைத்த அந்த நொடியில் டீக்கடைப் பக்கம் ஐந்தாறு பேர் ஒன்றாக அலறினார்கள். வழியில் வந்துகொண்டிருந்த அடியெல்லாம் பொத்தென்று ஒரே நேரத்தில் விழுந்திருந்தது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்து இன்னொன்றையும் எடுக்கட்டுமா என்றால், முதலில் அவனுக்கு எடு, பிறகு எனக்கு எடு என்று இரண்டு தெருவும் சொல்லி, எடுத்த ஒன்றையும் திரும்பப் போட வைத்துவிட்டுத்தான் போனார்கள்.

ஊர் இதைப் பார்த்துத் திகைத்ததா என்றால் திகைக்கவில்லை. கொடை நேரம், ஆயிரம் ஜோலி. பிந்தலோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்றுதான் பார்த்தார்கள். டீக்கடையில் அறை வாங்கினவன் டீயை மீதி வைக்காமல் குடித்து, கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு, பெஞ்சிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து கன்னம் வீங்கக் காத்திருந்தான். குடிகாரப் புருஷன் கையில் அடி வாங்கின பெண்கள் அடுப்பை அணைத்து, பால் சட்டியை மூடி, பிள்ளையைத் தூளியில் போட்டு, சுவரோரம் தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு, வா என்று அடியை எதிர்பார்த்தார்கள். அவர்களில் ஒருத்திக்கு, வலிக்கும் முன்னே இருக்கிற இந்த நேரத்தில் தன் கையும் சும்மாதானே இருக்கிறது என்று தோன்ற, உலக்கையை எடுத்துத் திருப்பி நாலு சாத்த, அது தெருவுக்குத் தெரிந்து, மறுநாள் பாதி வீடுகளில் புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து, யாருக்கு முதலில் வரும் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூம்புச் சத்தம் எட்டாத இடத்துக்குப் போனால் வரவேண்டியது உடனே வந்துவிடும் என்பதும் தெரிந்துபோனது. டவுன் பஸ் ஓடைப் பாலத்தைத் தாண்டினதும் உள்ளே நாலு பேர் ஓலமிட்டு, ஒருத்தருக்குப் பல் கொட்டி, பஸ்ஸெல்லாம் ரத்தமாக, கண்டக்டர் அதிலிருந்து பாலத்துக்கு இந்தப் பக்கமே விசில் ஊதி நிறுத்தி, "அடி பாக்கி உள்ளவங்கள்லாம் இறங்கி நடந்து பாலத்தைத் தாண்டுங்க, வாங்கிட்டு ஏறிக்கிடலாம்" என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

ஆனால் ஒன்றை மட்டும் ஊர் கவனிக்கவில்லை. அடித்தால் எதிராளி முகம் சுளிக்க வேண்டும், ஐயோ என்க வேண்டும், அப்போதுதான் அடித்த கை நிற்கும். முள்ளிச்செவலில் அடி பட்டதும் யாரும் ஐயோ என்று சொல்லவில்லை. அடித்தவனுக்கு அடித்த மாதிரியே இல்லை, ஆகவே இன்னும் அடித்தான். வாங்கினவனுக்கு வாங்கின மாதிரியே இல்லை, ஆகவே சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தான். ஒரு தட்டில் முடிய வேண்டிய சண்டையெல்லாம் கம்பில் போய் முடிந்தது, கம்பில் முடிய வேண்டியது கல்லில் முடிந்தது.

கிடாவெட்டு அன்றைக்குக் காலையில் பிந்தல், ஓர் உலை கொதித்து அடங்குகிற நேரத்துக்கு வந்திருந்தது.

வெட்டின கிடாயின் தலை எந்தத் தெரு மண்ணில் விழுகிறதோ அந்தத் தெருவுக்கு அடுத்த கொடையில் முதல் மரியாதை என்பது அங்கே வழக்கம். வெட்டுகிற தெரு தன் பக்கத்து மண்ணில் கிடாயை நிறுத்தித்தான் வெட்டும் என்பதால் வருஷத்துக்கு ஒரு தெருவாக முறை மாறி வந்ததே தவிர, தலை நடந்து போகும் என்று யாரும் நினைத்ததில்லை. இந்த முறை கீழத்தெரு. அரிவாள் மாசானமுத்து கையில். ஒரே வீச்சு, காற்று கிழிந்தது, அரிவாள் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது. கிடாய் காதை உதறிக்கொண்டு, தன் கழுத்து மாலையில் இருந்த செவ்வந்தியை ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தின்றது. பிறகு நடந்தது.

ஊரே பின்னால் நடந்தது. கீழத்தெருக்காரர்கள் துண்டை வீசி மறித்தார்கள், மேலத்தெருக்காரர்கள் அகத்திக்கீரைக் கட்டை ஆட்டி, "பா, பா" என்று கூப்பிட்டார்கள். வயிறு எந்தப் பக்கம் இழுக்குமோ அந்தப் பக்கம் போய், மேலத்தெரு எல்லையைத் தாண்டி, தளவாய் கையிலிருந்த கீரையை எட்டி ஒரு கடி கடித்து, அந்த வாயோடேயே கிடாயின் தலை அவன் காலடியில் உருண்டது.

"மச்சான், அம்மனே கொண்டாந்து குடுத்துட்டா பாத்தீரா!" என்று தளவாய் சிரித்தான்.

அந்தச் சிரிப்பில்தான் பற்றிக்கொண்டது. கம்பு எடுத்தவன் கம்பு, கல் எடுத்தவன் கல், பந்தல் காலைப் பிடுங்கினவன் பந்தல் கால். மண்டையில் இறங்கினது, முதுகில் இறங்கினது, முழங்காலில் இறங்கினது, யாரும் விழவில்லை, யாரும் நிறுத்தவில்லை. அடி வாங்கின ஆள் அசையாமல் நிற்கிறானே என்ற எரிச்சலில் இன்னும் ஓங்கினார்கள். ரத்தம் இல்லாத, ஓலம் இல்லாத, மூச்சிரைப்பும் வேட்டி கிழிகிற சத்தமும் மட்டுமே உள்ள அப்படி ஒரு சண்டையை அம்மன்கூடப் பார்த்திருக்க மாட்டாள்.

பேராட்சி பிள்ளையை இடுப்பிலும் ஹெட்போனைக் காதிலும் வைத்து மாடிப்படி உச்சியில் நின்றாள். அவள் ஹெட்போனில் மட்டும் மைக் சத்தம் பிந்தாமல், எந்தப் பிளகினுக்குள்ளும் நுழையாமல், நேரே வரும். கூம்பில் பந்தல் உபயம் யார், மாலை உபயம் யார் என்று கோமதிநாயகம் பழைய கதையை வாசித்துக்கொண்டிருக்க, ஹெட்போனில் அவர் இப்போது பேசுவது கேட்டது: "பக்தகோடிகள் அமைதி காக்கவும்." அந்தச் சொல் காதில் விழுந்தபோது அவள் கண்ணில் விழுந்தது அண்ணன் அரிவாள். கூட்டத்துக்கு நடுவே, பின்னாலிருந்து, தளவாயின் கழுத்துக்கு. எந்தப் பக்கம் இறங்கியது என்பதைப் பந்தல் துணி மறைத்துவிட்டது.

தளவாய் திரும்பிப் பார்த்து, "என்ன மச்சான், தோளைத் தட்டுதீரு?" என்றான்.

மாசானமுத்து அரிவாளைப் பார்த்தான். அது துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டு நடந்தான்.

பேராட்சி அழவில்லை. அழுகைக்கு இப்போது நேரமில்லை, உலை கொதித்து அடங்குகிற நேரம்தான் கையில் இருக்கிறது. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பாலத்தைத் தாண்டினதுமே கழுத்து திறக்கும். கம்ப்யூட்டரை அணைத்தால் இங்கேயே திறக்கும். ஆகவே ஆஸ்பத்திரி இங்கே வரவேண்டும். ஊர்க்கோடி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போன் போட்டு, டாக்டர் பெனிட்டாவை நூல், ஊசி, பஞ்சு, ரத்தம் ஏற்றுகிற சாமான் எல்லாவற்றோடும் ஆம்புலன்ஸில் ஏறி வரச் சொன்னாள்.

அதற்குள் கை ஓய்ந்த சண்டைக்காரர்களுக்கு, தங்களுக்கு வரப்போவது என்ன என்று உறைத்துவிட்டது. இரண்டு தெருவும் ஒன்றாக மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றது.

"தாயி, இன்னும் ரெண்டு லிமிட்டர் போடு தாயி!"

"தள்ளிப் போடு, அம்மனுக்குப் பொங்கல் வச்சு முடியட்டும்!"

"ஏற்கெனவே கம்ப்யூட்டர் ஆஸ்துமாக்காரன் மாதிரி மூச்சு வாங்குது," என்றாள் பேராட்சி. "இன்னொண்ணு போட்டா தொங்கி நின்னுரும். தொங்குச்சுன்னா எல்லாருக்கும் இப்பமே விழும். போடவா?"

கூட்டம் இரண்டு அடி பின்வாங்கியது.

"அப்பம் நான் சொல்லுததைக் கேளுங்க. யார் யாரை அடிச்சீங்களோ, அவங்கவங்க பக்கத்துல போய் உக்காருங்க. எங்க அடிச்சீங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும். மண்டைன்னா மண்டையில ஈரத்துணி வைங்க, காலுன்னா காலை நீட்டிப் பலகை வச்சுக் கட்டுங்க. ம், போங்க."

போனார்கள். பந்தல் முழுக்கப் பாய் விரித்து, மேலத்தெருக்காரனும் கீழத்தெருக்காரனும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்தார்கள். "இங்கனயாவே?" "இல்லவே, இன்னும் கொஞ்சம் மேல." "எத்தனை?" "மூணு. இல்ல, நாலு. கோவிச்சுக்கிடாதீரும்." பெண்கள் பொங்கலுக்கு வைத்திருந்த தண்ணீரைச் செம்பு செம்பாகக் கொண்டுவந்தார்கள். அடித்தவன் வேட்டியைக் கிழித்து அடி வாங்கினவனுக்குக் கட்டினான், வாங்கினவன் தான் கொடுத்ததற்கு அவனுக்குக் கட்டினான்.

தளவாய் பக்கம் மட்டும் ஆளில்லை. டாக்டர் பெனிட்டா கையுறையை மாட்டிக்கொண்டு அவன் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். கீறல்கூட இல்லை.

"இடதா வலதா, மேலயா கீழயா, எவ்வளவு ஆழம்? அது தெரியணும்மா. திறந்த பிறகு நான் தேடிக்கிட்டு இருந்தா அதுக்குள்ள ரத்தம் போயிரும். திறக்கும்போதே அமுக்கணும்."

"என்னை எவனும் தொடலைன்னுதானே சொல்லுதேன்," என்றான் தளவாய். ஆனால் பேராட்சி சேலை நுனியை அவன் விடவில்லை.

கூம்பு பால்குட அறிவிப்பில் இருந்தது. ஹெட்போனில் அவள் கேட்ட வரிசைப்படி அடுத்தது காணாமல் போன சாவிக்கொத்து, அதற்கடுத்து, அரிவாள் இறங்கின நேரத்து அமைதி. பேராட்சி சேலை நுனியை விடுவித்துக்கொண்டு ஓடினாள். மாசானமுத்து கோயிலுக்குப் பின்னால் பொங்கல் வைக்கிற செங்கல் அடுப்புகளுக்கு நடுவே குத்தவைத்திருந்தான்.

"நான் யாரையும் வெட்டலை," என்றான், அவள் கேட்கும் முன்னே. "எங்க வெட்டு? காட்டு. ரத்தம் எங்க?"

"இன்னும் வரலை."

"மத்தவனுக்கெல்லாம் வீக்கம், காயம். எனக்குன்னா ஜெயிலு. வராத வெட்டுக்கு என்னைய எதுக்குட்டி கூப்பிடுதே?"

"வந்த பிறகு நீ எனக்கு எதுக்கு?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். இடுப்பிலிருந்த பிள்ளை தாய்மாமனைக் கண்டு இரண்டு கையையும் நீட்டித் தாவியது. அவன் வாங்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டான். கூம்பில் சாவிக்கொத்து வந்தது, பித்தளை வளையத்தில் ஐந்து சாவிகள், தவறவிட்டவர்கள் விழாக் கமிட்டியை அணுகவும். மாசானமுத்து எழுந்தான். எழுந்தவன் ஓடினான். ஓடுகிற வேகத்தில் அவள் பின்தங்கினாள்.

அவன் தளவாய்க்குப் பின்னால் மண்டியிட்டு, வெட்டியபோது நின்ற மாதிரியே நின்று பார்த்து, கண்ணை மூடி, கையை வீசிப் பார்த்து, அது எங்கே போய் நின்றதோ அங்கே உள்ளங்கையை வைத்தான். இடது பக்கம், காதுக்கு நாலு விரல் கீழே.

"இங்கன. சாய்வா. பாதி அரிவாள்."

டாக்டர் அவன் உள்ளங்கைக்கு அடியில் பஞ்சுப் பொதியைத் திணித்தார்.

"மச்சான்," என்றான் தளவாய், பல்லைக் காட்டிக்கொண்டு, "கை கொதிக்குதே. உமக்கு—"

"பக்தகோடிகள் அமைதி காக்கவும்," என்றது கூம்பு.

தளவாயின் வாய் திறந்தபடியே நின்றது. கழுத்து திறந்தது. மாசானமுத்துவின் விரலிடுக்கெல்லாம் ரத்தம் சூடாகப் பொங்கி மணிக்கட்டில் வழிந்து முழங்கையில் சொட்டியது. அதே நேரம் பந்தல் முழுக்க ஆலங்கட்டி மழை மாதிரி அடிகள் வந்து இறங்கின. எலும்பு முறிகிற சத்தம், பல் தெறிக்கிற சத்தம், இத்தனை நாள் அடி பட்டபோது யாரும் போடாத ஐயோவெல்லாம் சேர்ந்து ஒரே ஐயோவாகக் கிளம்பிக் கூம்பை மூழ்கடித்தது. கட்டின கையே கட்டின காலைப் பிடித்துக்கொண்டு கதறியது. டாக்டர் பெனிட்டா எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கிடுக்கியை நுழைத்தார், எடுத்தார், மறுபடி நுழைத்தார். பேராட்சி புருஷன் தலையை மடியில் தாங்கி, "என்னைப் பாருங்க, என்னைப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நாடி இருக்கு," என்றார் டாக்டர் கடைசியில். "ஒரு குழாயைத்தான் பிடிச்சிருக்கேன். இன்னொண்ணு அந்தக் கைக்கு அடியில இருக்கு. டவுன் போற வரைக்கும் அந்தக் கை அப்படியே இருக்கணும். நகர்ந்துச்சுன்னா நான் பொறுப்பில்லை."

தளவாயை ஸ்ட்ரெச்சரில் தூக்கினார்கள். கழுத்தில் ஒட்டின கையோடு மாசானமுத்து குனிந்தபடியே கூட நடந்தான். ஆம்புலன்ஸ் கதவருகே, சண்டைச் சேதி கேட்டு ஏட்டும் இரண்டு போலீஸும் வந்து நின்றிருந்தார்கள். ஏட்டையா ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், கைக்கு உரியவனைப் பார்த்தார்.

"இடம் சரியா தெரிஞ்சு வச்சிருக்கியே தம்பி," என்றார் மெல்ல.

மாசானமுத்துவின் கால் படியில் நின்றது. தோள் விறைத்தது. பஞ்சுப் பொதியின் ஓரத்தில் புதிதாக ஒரு சொட்டு துளிர்த்தது. அவன் திரும்பித் தங்கச்சியைப் பார்த்தான்.

பேராட்சி அவன் முதுகில் கை வைத்தாள்.

"அவங்க கேக்கதை எல்லாம் அங்க போய்ச் சொல்லிக்கிடலாம்ண்ணே. இப்பம் நீ ஏறு. கையை மட்டும் எடுத்துராத."